ஹென்னியை நாங்கள் வழியனுப்பாத கதை

என் மனைவி கிளெண்டாவைப் பற்றி ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம் என்பார்கள். நாற்பத்து நான்கு வருஷமாக அந்த வாயோடு குடித்தனம் நடத்துகிற நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளம் எல்லாம் இல்லை, ஹம்பர் பாலத்தின் நீளம். மனசு விஷயத்தில் ஊர் சொல்வது சரிதான்.

ஹல் நகரத்தில், படகுத்துறைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எங்களுக்கு ஒரு விடுதி. விடுதி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடியில் இரண்டு அறை, கீழே நாங்கள், காலையில் எல்லாருக்கும் ஒரே மேசையில் முட்டையும் பேக்கனும். என் இருபது வயதில் இதே சந்தில் பழ மண்டியில் வாழைப்பழப் பெட்டி சுமந்தவன் நான். அழுகின ஆரஞ்சு நாற்றம் மூக்கைத் துளைத்த அந்த மண்டியில் இப்போது படம் மாட்டி வைத்திருக்கிறார்கள், பக்கத்துக் கடையில் காபி நுரைமேல் இலை வரைந்து கொடுக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த இலைக் காபிக்காக வருகிறவர்கள்தான் எங்கள் மாடியில் படுக்கிறார்கள், அதனால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே பையன், டேரன். ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் காற்றாலைக்கு இறக்கை செய்கிறான். அவனோடு இருக்கிற பெண் ஃபெம்கே, ராட்டர்டாம்காரி. இங்கே மீன் காட்சியகத்தில் பென்குவின்களுக்குத் தீனி போடுகிற வேலை. கல்யாணம் இன்னும் கட்டவில்லை, குழந்தை மட்டும் ஆகஸ்டில் வரப்போகிறது. இந்தக் காலத்தில் எது முன்னே எது பின்னே என்று யார் பார்க்கிறார்கள்!

பிரச்சினை கல்யாணம் இல்லை. ஃபெம்கேயின் அம்மா ஹென்னி, ராட்டர்டாமில் தன் வீட்டு மாடியைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்துவிட்டாள். டேரனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலைகூடப் பேசி வைத்திருந்தாள். "எங்கம்மா ஒரு தடவ வந்து தங்கிப் பாக்கட்டும். அவங்களுக்கு இந்த ஊரும் நீங்களும் பிடிச்சா, குழந்தை இங்க. இல்லன்னா நாங்க ஜூலைல கிளம்பிடறோம். அம்மா மனசு கோணி என்னால பிள்ளை பெத்துக்க முடியாது" என்று ஃபெம்கே எங்கள் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். டச்சுக்காரர்கள் எதையும் சுற்றி வளைக்க மாட்டார்கள். கிளெண்டா சிரித்தபடியே தலையாட்டினாள், ஃபெம்கே போனதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெவ், அந்தம்மா திங்கக்கிழமை வந்து வெள்ளிக்கிழமை போற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது."

"நானா? வாய் உனக்குத்தானே…"

"பாத்தியா, இதத்தான் சொல்றேன்."

திங்கட்கிழமை காலைக் கப்பலில் ஹென்னி வந்தாள். என் வயசுதான் இருக்கும். நல்ல உயரம், வெட்டிவிட்ட நரை முடி, முப்பது வருஷம் டிராம் ஓட்டியவளுக்கு இருக்கிற முதுகு. படகுத்துறையைத் தாண்டி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனோம். தண்ணீரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"இது ஏன் காபி நிறத்துல இருக்கு?"

"ஆறுங்க அது. சேறு இருக்கத்தானே செய்யும்" என்றேன்.

"எங்க ஊர்லயும் ஆறு இருக்கு. இவ்ளோ சேறு இல்ல."

"உங்க ஊரு ஆறு சோம்பேறியா இருக்கும். இது உழைக்கிற ஆறு."

கிளெண்டா என் காலை மிதித்தாள். ஆனால் ஹென்னி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்புறம் டெலிபோன் கூண்டைக் காட்டி, மற்ற ஊர்களில் எல்லாம் சிவப்பாக இருக்கிறதே, இங்கே ஏன் வெள்ளை என்று கேட்டாள். "ஏன் சிவப்பு அடிச்சாங்கன்னு மத்த ஊர்க்காரங்களக் கேளுங்க" என்றேன். அதற்கும் சிரித்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னவள் முகத்தைப் பார்த்தேன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் 'பேட்டி' என்கிற எங்கள் ஊர்ப் பலகாரம் விற்கிற கடைக்குப் போனோம். மசித்த உருளைக்கிழங்கில் சேஜ் என்கிற வாசனை இலை போட்டு, மாவில் முக்கிப் பொரித்து, வட்ட ரொட்டிக்குள் அமுக்கி, மேலே சிவப்பு உப்புத்தூள் தூவித் தருவார்கள். உருளைக்கிழங்கை ரொட்டிக்குள் வைத்துத் தின்கிற ஜனங்களை முதல் தடவை பார்ப்பதாக ஹென்னி சொன்னாள். முதல் வாய் கடித்தாள், பேசவில்லை. இரண்டாம் வாயிலும் பேசவில்லை. தின்று முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, "இன்னொண்ணு சொல்லுங்க" என்றாள். கிளெண்டா முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது.

செவ்வாய்க்கிழமையே இரண்டு பெண்களும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். மாடிக் குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று நான் மூன்று மாதமாகத் தச்சனைக் கூப்பிடலாமா பிளம்பரைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், ஹென்னி ஒரு ஸ்பேனரைக் கேட்டு வாங்கி அரைமணியில் முடித்துவிட்டாள். சாவி மாட்டுகிற ஆணிகளைக்கூட இடம் மாற்றி வைத்தாள். அந்த ஆணிகளில் நான் கை வைத்தால் வீடு ரெண்டாகும். ஹென்னி மாற்றியதைப் பார்த்து, "எவ்ளோ வசதியா இருக்கு பாரு நெவ், உனக்கு இது தோணிச்சா?" என்று என்னிடமே கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?

"இந்த ஊர்ல எல்லாரும் என்னக் கண்ணுன்னு கூப்பிடறாங்க. பஸ் டிரைவர்கூட. எனக்கு அறுபத்திரண்டு வயசு" என்றாள் ஹென்னி அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில்.

"தொண்ணூறு வயசு ஆனாலும் கண்ணுதான், கண்ணு. சவப்பெட்டிக்காரன் ஆணி அடிக்கறப்பகூட, கொஞ்சம் தள்ளிப் படு கண்ணுன்னுதான் சொல்வான்" என்றாள் கிளெண்டா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது.

புதன்கிழமை காலை, மற்ற அறையில் தங்கியிருந்த லீட்ஸ் தம்பதி கிளம்பினார்கள். கிளெண்டா வாசலுக்குப் போய் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து, சாண்ட்விச் பொட்டலம் கொடுத்து, அவர்கள் சந்து திரும்புகிற வரைக்கும் சமையலறைத் துண்டைத் தலைக்குமேல் வீசி வீசிக் காட்டினாள். எல்லா விருந்தாளிக்கும் அப்படித்தான் செய்வாள். நானும் ஹென்னியும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன பாசம்! எங்க ஊர்ல கதவ மூடிட்டு அடுத்த வேலையப் பாப்போம்" என்றாள் ஹென்னி. "நான் போறப்ப எனக்கும் இப்படி ஒண்ணு உண்டுதானே?"

நான் முட்டைச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "ம்" என்றேன். அந்த ஒரு 'ம்'முக்காக என்னைச் செருப்பால் அடித்தால்கூடத் தகும். அவள் கேட்டது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஃபெம்கே வேலையில் இருக்க, மற்ற நால்வரும் படகுத்துறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது டேரனுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப, எங்க ஊரு எப்படி?" என்று ஹென்னியிடம் கேட்டேவிட்டான். கிளெண்டாவின் கை என் கையைப் பிடித்தது. ஹென்னி கப்பல் பாய்மரங்களைப் பார்த்தபடி, "நாளைக்குக் கிளம்பறப்ப ஃபெம்கேகிட்ட சொல்றேன். நான் எதையும் கடைசி ஸ்டாப்புலதான் முடிவு பண்ணுவேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கிளெண்டாவின் தோளில் தட்டினாள். தட்டின விதத்தைப் பார்த்தால் நல்ல சேதிதான் என்று எனக்குப் பட்டது, வீடு திரும்பும்போது கிளெண்டா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அந்தப் பாட்டு இல்லை. கிளெண்டா எதிலும் நிலைகொள்ளாமல் அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தாள். தன் படுக்கை விரிப்புகளை உருவி மடித்துக்கொண்டு கீழே வந்த ஹென்னி, "நான் போறதுக்குள்ள மெஷின்ல போட்டுடறேனே" என்று துணி துவைக்கிற இயந்திரத்தின் கதவைத் திறந்தாள். கிளெண்டா பாய்ந்து வந்து விரிப்பைப் பிடுங்கினாள்.

"இன்னிக்கு வேணாம்! எதையும் துவைக்க வேணாம்!"

ஹென்னி அப்படியே நின்றுவிட்டாள். கிளெண்டாவும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதை வாய்விட்டுச் சொல்வதும் ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு இதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை. கடலுக்குப் போகிற நாளில் யார் துணி துவைப்பார்கள்?

டேரனும் ஃபெம்கேயும் மத்தியானமே வந்து ஹென்னியைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஐந்தரை மணிக்கு டாக்சி வந்து ஹாரன் அடித்தது. ஹென்னி கோட்டு மாட்டிக்கொண்டு, பெட்டியோடு கூடத்தில் நின்றாள். கையில் ஏதோ ஒரு சின்னப் பொட்டலம், கிளெண்டாவுக்காக இருக்கும். சமையலறைக் கதவு மூடியிருந்தது, உள்ளே ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

"கிளெண்டா?" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

"வேலையா இருக்கா" என்றேன் நான்.

பெட்டியைக் கொண்டுபோய் டாக்சியில் வைத்தேன். வைத்தவுடன் முதுகைத் திருப்பிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். என் அம்மா என் அப்பாவை அப்படித்தான் அனுப்பினாள். ஹெசல் ரோட்டில் மீன்பிடிக் கப்பலுக்குப் போனவன் வீடு ஒவ்வொன்றிலும் அப்படித்தான் அனுப்பினார்கள். டாக்சி போகிற சத்தம் கேட்டதும் கிளெண்டா ரேடியோவைத் தணித்துவிட்டு, "சேதி எப்ப வரும்?" என்று கேட்டாள். "பொறு, கப்பல் ஏறட்டும்" என்றேன். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகத் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம்.

இருபது நிமிஷத்தில் போன் அடித்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த ஃபெம்கே அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கம்மாவ என்ன பண்ணினீங்க நெவில்?"

"நாங்க என்ன பண்ணினோம்?"

"வாசலுக்குக்கூட யாரும் வரலையாமே! அம்மா டெர்மினல்ல உக்காந்து அழறாங்க. எங்கம்மா அழுது நான் பாத்ததே இல்ல! முன்னப்பின்ன தெரியாத லீட்ஸ்காரங்களுக்குத் துண்டை வீசி வழியனுப்பினாங்களாம், அம்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டும் கிளெண்டா கதவத் திறக்கலையாம். படுக்கை விரிப்பத் தொட்டதுக்குக் கத்தினாங்களாம். 'நாலு நாள் நடிச்சிருக்காங்க, என்னத் தொலைச்சாப் போதும்னு இருந்திருக்காங்க, அந்த வீட்டு வாசல்ல நீ பிள்ளைய வளக்கக் கூடாது'ன்னு சொல்றாங்க. மூட்டையக் கட்டச் சொல்றாங்க, நெவில்!"

பின்னால் டேரன் குரல் கேட்டது. போனை அவன் வாங்கினான். "அப்பா, அவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா?"

"என்னத்த?"

"ஐயோ அப்பா! வழியனுப்ப மாட்டோம்னு!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறந்ததிலிருந்து மூச்சு விடுகிற மாதிரி செய்கிற காரியத்தை ஒருத்தருக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஃபெம்கேயே போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது கிளெண்டா ஒளிந்துகொண்டதை, குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள்.

கிளெண்டாவிடம் சொன்னேன். அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் அவளுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதானே நெவ்… அவ நல்லபடியாப் போய்ச் சேரணும்னுதானே…"

"தெரியும். கோட்டப் போடு, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

அவள் கோட்டை எடுத்தாள், ஒரு கையை நுழைத்தாள், நின்றுவிட்டாள். "நான் துறைமுகத்துக்கு வர மாட்டேன். என்னால முடியாது. நீ போ. நீ போய் ஒழுங்காச் சொல்லு." அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை. காரை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

மே மாதம், ஆறரை மணிக்கும் நல்ல வெளிச்சம். டெர்மினலில் பாதிப் பேர் கப்பல் ஏறிவிட்டார்கள். ஹென்னி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பெட்டியை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எதையாவது மறந்து வச்சுட்டேனா? தபால்ல அனுப்பியிருக்கலாமே" என்றாள்.

எதிரில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை, நேராகப் போட்டு உடைத்தேன்.

"ஹென்னி, துண்டை வீசறது காசு குடுத்துத் தங்கறவங்களுக்கு. எங்க வீட்டு ஆள் கடலுக்குப் போறப்ப நாங்க கை ஆட்டறதில்ல. வாசலுக்கு வர்றதில்ல. போயிட்டு வாங்கன்னு சொல்றதில்ல. அன்னிக்குத் துணி துவைக்கறதில்ல, துவைச்சா ஆளையும் சேத்து அலசி விட்ட மாதிரின்னு சொல்வாங்க. கை ஆட்டினா அதுதான் கடைசியாப் போயிடும்னு பயம். அவ கதவ மூடிக்கிட்டது உங்கமேல வெறுப்புல இல்ல. எனக்கும் அப்படித்தான் செய்வா, டேரனுக்கும் அப்படித்தான் செய்வா. வேற யாருக்கும் செய்ய மாட்டா."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று எடை போடுகிற பார்வை.

"இது கப்பல் இல்ல, மிதக்கற ஓட்டல். உள்ள சினிமா தியேட்டர் இருக்கு" என்றாள்.

"அத அவகிட்ட சொல்லிப் பாருங்க."

"நான் எப்ப உங்க வீட்டு ஆள் ஆனேன்?"

"ரெண்டாவது பேட்டி வாங்கித் தின்னீங்களே, அப்பன்னு நினைக்கிறேன்."

சிரிப்பு வந்தது அவளுக்கு, அடக்கிக்கொண்டாள். "இந்தக் காலத்துல, படிச்சவங்க, எப்படி இத நம்பறீங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

அப்போதுதான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். கிளெண்டாவின் அப்பாவும் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தவர். மூன்று வாரம் கடல், மூன்று நாள் வீடு, மறுபடி மூன்று வாரம் கடல். அவளுக்கு ஆறு வயசாக இருக்கும்போது, ஒரு குளிர்காலம், விடியற்காலையில் அவரை ஏற்றிக்கொள்ள டாக்சி வந்தது. குழந்தை விழித்துக்கொண்டாள். ஒருத்தருக்கும் தெரியாமல் முன்னறைத் திரையை விலக்கி அப்பாவுக்குக் கை ஆட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டு ஆட்டினார். அந்தக் கப்பல் ஐஸ்லாந்துப் பக்கம் போனது, திரும்பவில்லை. இருபது பேர். சேதி வந்த அன்று சமையலறையில் பெண்கள் கூடியிருந்தபோது அத்தைக்காரி ஒருத்தி, 'எந்த வீட்லயோ யாரோ கை ஆட்டியிருக்காங்க' என்றாளாம். கிளெண்டா அப்போது மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரே ஒரு தடவை இதை என்னிடம் சொன்னாள், அதற்குப் பிறகு பேச்சே எடுத்ததில்லை.

ஹென்னி கையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு என் பக்கமாகச் சாய்ந்து கேட்டாள்.

"அது அவளால இல்லன்னு யாராவது அவகிட்ட சொன்னாங்களா?"

"சொல்லியிருப்பாங்க."

"யாரு?"

"அவங்கம்மா… இல்ல, அவங்கம்மாவுக்குத் தெரியாது."

"நீங்க?"

நான் கையிலிருந்த கார்ச் சாவியைப் பார்த்தேன். டிக்கெட் இல்லாமல் ஏறின ஆளை எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படி என்னைப் பார்த்தாள்.

"நாப்பத்துநாலு வருஷம், நெவில்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் சொல்லவில்லை? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். என் அம்மா கை ஆட்டாததால்தான் வந்தார் என்று நம்பி வளர்ந்தவன் நான். கிளெண்டாவின் அப்பா அவளால் போகவில்லை என்றால், என் அப்பாவும் என் அம்மாவால் வரவில்லை. அந்தப் பக்கம் என் நினைப்பைப் போகவே விட்டதில்லை, அவ்வளவுதான். என் அம்மாவின் மூடின கதவைக் காப்பாற்றுவதற்காக என் பெண்டாட்டியை அந்த மேசைக்கு அடியிலேயே விட்டு வைத்திருக்கிறேன்.

கடைசி அழைப்பு ஒலித்தது. ஹென்னி போனை எடுத்து மகளிடம் டச்சில் பேசினாள். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை, கிளெண்டா என்ற பேர் மட்டும் இரண்டு மூன்று தடவை காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு எழுந்து பெட்டியைப் பிடித்தாள்.

"ஃபெம்கே இங்கயே இருக்கட்டும். மாடிய யாருக்காவது வாடகைக்கு விட்டுடறேன். நாலு நாள் பழகின எனக்காக ஒருத்தி இவ்ளோ பயப்படறான்னா, என் பொண்ணுக்கும் பேரப்பிள்ளைக்கும் என்ன குறை வந்துடப்போகுது?" கையிலிருந்த பொட்டலத்தை என்னிடம் கொடுத்தாள். "ஆனா ஒண்ணு. காலைல நான் அந்தக் கரைல இறங்கறதுக்குள்ள நீங்க அவகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலன்னா அடுத்த கப்பல்லயே வந்து நானே சொல்வேன். உங்களையும் நாலு கேட்பேன்."

"சொல்றேன்."

"சரி, முதுகக் காட்டுங்க. நான் போறேன்."

காட்டினேன். பெட்டிச் சக்கரம் உருளுகிற சத்தம் அடங்கும் வரைக்கும் சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது கிளெண்டா சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டு முழுசாக மாட்டி, பித்தான்கூடப் போட்டிருந்தாள். எத்தனை தடவை வாசல்வரை போய்த் திரும்பினாளோ தெரியாது.

"போயிட்டாளா?"

"போயிட்டா. கோவம் இல்ல. இது உனக்கு." பொட்டலத்தை மேசையில் வைத்தேன். "ஃபெம்கே இங்கதான் இருக்கப்போறா. குழந்தையும்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "கடவுளே" என்றாள். "கடவுளே, நெவ்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தொட்டில் செய்ய மரம் நாளைக்கே போய் வாங்கிட்டு வந்துடு, தள்ளிப் போடாத" என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் விஷயத்தை அப்படியே விட்டுவிடலாமா என்று எனக்கு ஒரு சபலம் வந்தது. விடவில்லை. எதிரில் உட்கார்ந்தேன்.

"கிளெண்டா. உங்கப்பா திரும்பி வராததுக்கு நீ காரணமில்ல."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கப்பல்மேல பனி ஏறிடுச்சு, பாரம் தாங்காமக் கவுந்துடுச்சு. அவ்ளோதான். நீ ஆறு வயசுக் குழந்தை. உங்கப்பாவுக்குக் கை ஆட்டின. அவரு அதப் பாத்துட்டுச் சிரிச்சாரு. அதுல ஒரு தப்பும் இல்ல."

"எனக்குத் தெரியாதா? என்ன முட்டாள்னு நினைச்சியா?" என்று சீறினாள். "பத்து வயசுலயே எனக்குத் தெரியும். பனி ஏறினது பேப்பர்ல வந்துச்சு. நான் படிச்சேன்."

"தெரியும்னா ஏன்…"

"யாரும் சொல்லலையே!" அவள் குரல் உடைந்துவிட்டது. "ஒருத்தர்கூட வந்து என்கிட்ட சொல்லல. நீகூடச் சொல்லல."

"ஆமா. நான்கூடச் சொல்லல. மன்னிச்சுக்கோ."

அவள் அழுதாள். அவள் அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன், கோட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அழுகை ஓய்ந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.